பாஸ்பரஸ் பெருகிய பதினோரு நாட்கள்

என் வாழ்க்கையில் பதினோரு நாட்கள் நான் விஞ்ஞானியாக இருந்தேன். அதற்கு முன்னால் மாணவி. அதற்குப் பின்னால், இன்றுவரை, ஒரு சாதாரணப் பொறியாளர். நடுவில் அந்தப் பதினோரு நாட்கள் மட்டும், உலகத்தில் யாருக்குமே தெரியாத ஒரு விஷயம் எனக்குத் தெரிந்துவிட்டது என்ற நினைப்பில், கால் தரையில் பாவாமல் மயிலாப்பூருக்கும் அடையாறுக்கும் நடுவே பஸ்ஸில் போய்வந்துகொண்டிருந்தேன். அப்படி ஒரு சந்தோஷம் அதற்குப் பிறகு எனக்கு வாய்த்ததே இல்லை. கல்யாணத்தன்றுகூட இல்லை (என் கணவர் நான் எழுதுவதைப் படிப்பதில்லை என்ற தைரியத்தில் சொல்கிறேன்).

அந்த விஷயம் தப்பு என்று, தி.நகரில் ஒரு அரங்கம் நிறைய உட்கார்ந்திருந்த பொறியாளர்களுக்கு முன்னால், என் அம்மாவே எழுந்து நின்று நிரூபித்தாள். அதைத்தான் சொல்லப்போகிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. எங்கள் தெருவில் என் வயதுப் பெண்கள் எல்லாரும் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்தார்கள். நான் அடையாறு பக்கம் ஒரு கல்லூரியில் சாக்கடை படித்துக்கொண்டிருந்தேன். பட்டத்தின் பெயர் சுற்றுச்சூழல் பொறியியல். ஆனால் அம்மா அந்தப் பெயரை வாயால் சொன்னதில்லை. கோயில் குளத்துப் பக்கம் யாராவது நிறுத்தி, "ஜயந்தி என்ன பண்றா?" என்று கேட்டால், "மேல படிக்கிறா" என்று சொல்லிவிட்டு, அவர்கள் அடுத்த கேள்வி கேட்பதற்குள் வேகமாக நடக்க ஆரம்பித்துவிடுவாள். அப்பா இன்ஷூரன்ஸ் ஆபீஸில் குமாஸ்தா. அவர் எதுவும் சொல்லமாட்டார். ஆனால் மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு கம்ப்யூட்டர் பயிற்சி விண்ணப்பம் என் மேஜைமேல் தானாக வந்து உட்கார்ந்திருக்கும்.

என் ஆய்வு இதுதான். ஊரின் சாக்கடையில் ஊர் சாப்பிட்டதெல்லாம் இருக்கிறது. நாம் தின்ற அரிசியிலும் பருப்பிலும் இருந்த சத்து ஏதோ ஒரு வயலிலிருந்து வந்தது. அதில் எவ்வளவு சுத்திகரிப்பு நிலையத்துக்கு வந்து சேருகிறது? அங்கே வடிகட்டி, படியவைத்து, வெயிலில் காயவைக்கும் கசடில் எவ்வளவு தங்குகிறது? அதை மறுபடி மண்ணுக்கு உரமாக அனுப்பினால், வந்ததில் எத்தனை பங்கு திரும்பப் போகிறது? கேட்டால் அருவருப்பாக இருக்கலாம். எனக்கு அது மெய்சிலிர்க்கும் கேள்வியாக இருந்தது. (எனக்கு அப்போது வயது இருபத்துமூன்று. மெய் எதற்கெடுத்தாலும் சிலிர்க்கும்.)

அளக்கும் முறையும் எளிமையானது. உள்ளே வரும் கழிவுநீரில் எவ்வளவு என்று பார்க்கவேண்டும். வெளியே போகும் சுத்திகரித்த நீரில் எவ்வளவு, காய்ந்த கசடில் எவ்வளவு என்று பார்க்கவேண்டும். பின்னவை இரண்டையும் கூட்டினால் முதலாவது வரவேண்டும். நைட்ரஜனில் இந்தக் கூட்டல் சரியாக வராது. அதில் ஒரு பகுதி காற்றில் கலந்து போய்விடும். பாஸ்பரஸ் அப்படியில்லை. சமர்த்து. எங்கும் பறந்து போகாது. ஒன்று கசடில் இருக்கும், இல்லாவிட்டால் தண்ணீரில் இருக்கும். ஆகவே என் ஆய்வே பாஸ்பரஸின் நல்ல குணத்தை நம்பித்தான் நடந்தது.

சுத்திகரிப்பு நிலையத்தில் எனக்குத் துணை ஏழுமலை. அங்கே பம்பு இயக்குபவர், ஐம்பது வயது இருக்கும். நான் முதல்நாள் ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறையில் சொல்லிச் செய்த, நீளக் கைப்பிடி வைத்த இரும்புக் கரண்டியோடு போய் நின்றபோது, என்னையும் கரண்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னா பாப்பா, சாம்பார் ஊத்த வந்துகிறியா?"

"சாம்பிள் எடுக்கணும்."

"அத்தத்தான் நானும் சொன்னேன்" என்றார்.

தினமும் காலையில் எடுக்கவேண்டும். வீட்டிலிருந்து நேரே நிலையம், அங்கிருந்து பாட்டில்களோடு கல்லூரி, மத்தியானம் சோதனை, முடிந்ததும் பாட்டில்களை அமிலத்தில் அலசி, காய்ச்சி வடித்த நீரில் கழுவி, மறுநாளைக்காக வீட்டுக்கு எடுத்து வரவேண்டும். பிரச்சினை வீட்டில்தான் தொடங்கியது.

"அது ஆத்துக்குள்ள வரப்படாது" என்றாள் அம்மா.

"கழுவியாச்சும்மா."

"கழுவினா மட்டும்? அதுக்குள்ள என்ன இருந்துதுன்னு எனக்குத் தெரியும். பாட்டிலுக்கும் தெரியும்."

நீண்ட பேச்சுவார்த்தைக்குப் பிறகு ஓர் உடன்பாடு ஏற்பட்டது. கழிவுநீர் பாட்டில்கள் சிவப்புப் பையில். அது வாசலுக்கு வெளியே, மின்சார மீட்டர் பெட்டிக்குப் பக்கத்து ஆணியில் தொங்கும். சுத்திகரித்த நீர் பாட்டில்கள் பச்சைப் பையில்; அது வீட்டைச் சுற்றிக்கொண்டு கொல்லைப்புறம்வரை வரலாம். கசடு தகர டப்பாவில் இருந்ததால் அதை நான் கல்லூரியிலேயே வைத்துவிட்டேன். அப்பா இந்த ஒப்பந்தத்தைப் பார்த்துவிட்டு, "தீர்த்தம் உள்ளே வரலாம், சாக்கடை வெளியே நிக்கணும். சரிதான்" என்றார். அன்று முழுதும் அவர் பேசிய வாக்கியம் அது ஒன்றுதான்.

இரண்டு மாதம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. வந்ததும் போனதும் ஏறக்குறையச் சரியாக இருந்தன; காய்ந்த கசடின் எடை மட்டும் வாராவாரம் கொஞ்சம் குறைந்தது, எங்கே போகிறது என்று புரியவில்லை. அதாவது, என் ஆய்வு சரியாகவும் சலிப்பாகவும் போய்க்கொண்டிருந்தது.

பிறகு கோடை வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், வெளியே போகும் நீரின் சாம்பிளில் வழக்கமான மருந்துகளை விட்டேன். பாஸ்பரஸ் இருந்தால் நீல நிறம் வரும்; எவ்வளவு அதிகமோ அவ்வளவு அடர்த்தியாக வரும். எப்போதும் விடியற்கால வானம்போல ஒரு வெளிர்நீலம் வரும். அன்று மயில் கழுத்து நீலம் வந்தது. நான் மருந்தைத் தப்பாக விட்டுவிட்டேன் என்று நினைத்துத் திரும்பச் செய்தேன். மறுபடியும் மயில் கழுத்து. கணக்குப் போட்டுப் பார்த்தேன். உள்ளே வந்தது பத்துப் படி என்றால், வெளியே போனது பதிமூன்று படி.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாள் இன்னும் கொஞ்சம் அதிகம்.

என் பேராசிரியர் அதிகம் பேசாதவர். சந்தோஷம், துக்கம், கடும் கோபம் மூன்றுக்கும் அவரிடம் ஒரே சொல்தான் உண்டு. என் தாளைப் பார்த்துவிட்டு அதைச் சொன்னார்.

"ம்ம்."

"சார், உள்ளே வந்ததைவிட வெளியே அதிகம் போகுது சார்."

"பாட்டில் எல்லாம் சுத்தமா இருக்கா?"

"ரொம்ப சுத்தம் சார்" என்றேன். (இன்று யோசித்தால், சென்னை மாநகரில் அந்த மாதம் அதைவிடச் சுத்தமான பாட்டில்கள் இருந்திருக்க வாய்ப்பில்லை.)

"இன்னும் கொஞ்ச நாள் எடுத்துப் பாரும்மா" என்றார் அவர்.

எடுத்தேன். எடுக்க எடுக்கப் பெருகியது. எனக்கு இரவில் தூக்கம் போய்விட்டது, பகலில் பசி போய்விட்டது. நிலையத்தின் தொட்டிகளில் ஏதோ ஒரு நுண்ணுயிர், உலகில் வேறெங்கும் இல்லாத சென்னை நுண்ணுயிர், யாருக்கும் தெரியாமல் பாஸ்பரஸை உற்பத்தி செய்துகொண்டிருக்கிறது என்று முடிவு செய்தேன். ஒரு தனிமத்தை ஓர் உயிர் உற்பத்தி செய்ய முடியாது என்பது பள்ளிக்கூடப் பாடம். அந்தப் பாடத்தைத்தான் திருத்தி எழுதவேண்டியிருக்கும் என்று எனக்குத் தோன்றியது. என் நோட்டின் கடைசிப் பக்கத்தில் 'ஜயந்தி விளைவு' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டேன். அந்தப் பக்கத்தை நான் பின்னால் கிழித்து வாயில் போட்டு மென்றுவிட்டேன் என்று என் குடும்பத்தில் சொல்வார்கள். மெல்லவில்லை. கிழித்தது மட்டும் உண்மை.

அந்த நாட்களில் கண்ணுக்கு முன்னால் இருந்ததை நான் பார்க்கவில்லையா என்றால், பார்த்தேன். பார்த்து எழுதியும் வைத்திருக்கிறேன். 'சுத்திகரித்த நீர்: லேசான எலுமிச்சை மணம்' என்று ஒரு குறிப்பு இருக்கிறது. நிலையத்தின் சிறப்பான செயல்பாட்டுக்கு அது சான்று என்று அடுத்த வரியில் பாராட்டும் இருக்கிறது.

ஏழுமலை ஒருநாள் என் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இன்னா பாப்பா, வாய்க்கால்ல தண்ணி சும்மா கீது. உன் பாட்டில்ல ஊத்துனா மட்டும் நுரை பொங்குது?"

நான் அவருக்குக் காற்றோட்டம், மேற்பரப்பு இழுவிசை, நுண்ணுயிர்ச் சவ்வு ஆகியவற்றைப் பற்றிக் கால் மணி நேரம் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"படிச்சவங்கோ சொல்றீங்கோ. சர்தான்" என்று பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தார்.

பதினோராவது நாள் தி.நகரில் கருத்தரங்கு. பனகல் பார்க்கிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு அரங்கம். கழிவுநீரிலிருந்து எதையெல்லாம் திரும்ப எடுக்கலாம் என்பதுதான் பொருள். பல ஊர்களிலிருந்து பொறியாளர்கள் வந்திருந்தார்கள். என் பேராசிரியருக்கு இருபது நிமிடம் கொடுத்திருந்தார்கள். அதை அவர் எனக்குக் கொடுத்தார். கொடுக்கும்போது அவர் வாழ்நாளிலேயே மிக நீளமான பேச்சைப் பேசினார்:

"திடப்பொருள் பத்தி மட்டும் சொல்லு. உள்ள எவ்வளவு வருது, எவ்வளவு காயுது, உரமா எவ்வளவு போகலாம். அது நல்லா வந்திருக்கு. பாஸ்பரஸை விட்டுடு. அது என்னன்னு அப்புறம் பார்ப்போம்."

"சரி சார்" என்றேன்.

அவர் அப்படிச் சொன்ன அன்று சாயங்காலமே பாஸ்பரஸுக்கென்று ஒரு கண்ணாடித் தாள் தயார் செய்தேன். அப்போதெல்லாம் பேசுகிறவர்கள் ஒளி ஊடுருவும் தாள்களில் எழுதி, விளக்குப் பெட்டியின்மேல் வைத்துச் சுவரில் காட்டுவார்கள். மூன்று நிறப் பேனாவில் வரைந்தேன். உள்ளே வருவதற்குச் சின்ன அம்பு, வெளியே போவதற்குப் பெரிய அம்பு. அதை மற்ற தாள்களுக்கு அடியில் ஒளித்துவைத்தேன். இதைச் செய்தது நான்தான். வேறு யாரையும் இதில் குற்றம் சொல்ல இடமில்லை.

அதோடு நிற்கவில்லை. அப்பாவையும் அம்மாவையும் வரச்சொன்னேன். கம்ப்யூட்டர் விண்ணப்பங்கள் அன்றோடு நிற்கவேண்டும், 'மேல படிக்கிறா' என்பதற்கு மேலே என்ன இருக்கிறது என்று அம்மாவுக்குத் தெரியவேண்டும் என்று எண்ணம். அம்மா முதலில் மறுத்தாள்.

"நாலு பேர் முன்னாடி சாக்கடையைப் பத்திப் பேசப்போறே. அதை நான் வேற உக்காந்து கேக்கணுமா?"

"நான் ஒண்ணு கண்டுபிடிச்சிருக்கேம்மா."

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். பிறகு பீரோவைத் திறந்து அரக்குப் பட்டுப்புடவையை எடுத்தாள்.

அரங்கத்தில் மூன்றாவது வரிசையில் இருவரும் உட்கார்ந்தார்கள். அப்பா ஆபீஸ் நண்பரிடம் கேமராவை இரவல் வாங்கி வந்திருந்தார். காய்ந்த கசடைத் தட்டுகளில் பரப்பிப் பார்வைக்கு வைத்திருந்தார்கள். அந்தத் தட்டுகளைக் கொண்டுவந்த ஏழுமலை, இஸ்திரி போட்ட சட்டையோடு பின்சுவரில் சாய்ந்து நின்றார்.

திடப்பொருள் பற்றிய பகுதி நன்றாகவே போனது. இரண்டு பேர் குறிப்பெடுத்தார்கள். பேராசிரியர் முன்வரிசையிலிருந்து தலையை ஒரு அங்குலம் ஆட்டினார். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நான் அடித்தாளை உருவி விளக்குப் பெட்டியில் வைத்தேன்.

"இப்போது நான் சொல்லப்போவது," என்றேன், குரல் எனக்கே புதிதாக இருந்தது, "இதுவரை எங்கேயும் பதிவாகாத ஒரு விஷயம். நம் நகரத்தின் சுத்திகரிப்பு நிலையத்தில், உள்ளே வருவதைவிட அதிகமான பாஸ்பரஸ் வெளியே போகிறது."

சுவரில் என் பெரிய அம்பு தகதகவென்று நின்றது. அரங்கம் அமைதியாக இருந்தது. பிரமிப்பு என்று நினைத்தேன். பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். நுண்ணுயிரைப் பற்றிச் சொன்னேன். பாடப்புத்தகங்களைப் பற்றிக்கூட ஏதோ சொன்னேன். (என்ன சொன்னேன் என்பது அப்பாவுக்கு வரிக்கு வரி நினைவிருக்கிறது. அதை இங்கே எழுதமுடியாது.)

இரண்டாவது வரிசையில் கைத்தறிப் புடவை கட்டிய ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி எழுந்தார். வெளியூர் ஆய்வகம் ஒன்றில் வேதியியல் நிபுணர். குரல் ரொம்ப மென்மையாக இருந்தது.

"ஒரு சின்ன சந்தேகம். சாம்பிள் பாட்டில் எல்லாம் எப்படிக் கழுவறீங்க?"

"முதலில் அமிலம் மேடம். அப்புறம் காய்ச்சி வடித்த நீர். மூன்று தடவை."

"ரெண்டு செட்டும் அப்படித்தானா?"

"ஆமாம் மேடம்."

"யார் கழுவறது?"

"நானேதான் மேடம்" என்றேன்.

மூன்றாவது வரிசையில் பட்டுப்புடவை சரசரத்தது.

"இல்லை" என்றாள் அம்மா.

அரங்கம் முழுவதும் திரும்பியது. அம்மா எழுந்து நின்றிருந்தாள். சுத்தத்தைப் பற்றி யாரோ சந்தேகப்படுகிறார்கள், பெண் சரியாகப் பதில் சொல்லத் தெரியாமல் விழிக்கிறாள், இதைத் தாயார் தீர்த்துவைக்கவேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது.

"பச்சைப் பைல இருக்கறதை நான்தான் தினம் அலம்பறேன். இவ அலம்பினது எனக்குத் திருப்தி இல்லை. நல்ல சோப்புப் பொடி, எலுமிச்சை வாசனை போட்டது. ரெண்டு தரம் தேய்ச்சு அலம்பிடுவேன். மறுநாளைக்கு வாடை வரப்படாதுன்னு, மூடி போடறதுக்கு முன்னாடி ஒரு சிட்டிகை பொடியையும் உள்ள போட்டு வெச்சிடுவேன். அழுக்குங்கற பேச்சே இல்லை."

அந்தக் கணத்தில்தான் அப்பாவின் கேமரா பளிச்சிட்டது.

சோப்புப் பொடியில் இருப்பது பாஸ்பேட். அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் அது தெரியும். எனக்கும் தெரியும், பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். பதினோரு நாட்களாக நான் அளந்துகொண்டிருந்தது நகரத்தின் சத்தை அல்ல, அம்மாவின் சிட்டிகையை.

வேதியியல் அம்மையார் சிரிக்கவில்லை. "ரொம்ப நன்றி மாமி" என்று சொல்லி உட்கார்ந்தார். மற்றவர்களும் ஒரு மூன்று விநாடி கண்ணியமாகத்தான் இருந்தார்கள். அப்போது பின்சுவரிலிருந்து ஏழுமலையின் குரல் தெளிவாகக் கேட்டது.

"நா அப்பவே சொன்னேன் சார். நுரை பொங்குதுன்னு."

அதற்குப் பிறகு அரங்கத்தைக் கட்டுப்படுத்த யாராலும் முடியவில்லை. ஒரு தலைமைப் பொறியாளர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் விளக்குப் பெட்டியை அணைக்கப் போய், பதற்றத்தில் வேறு எதையோ அழுத்த, மின்விசிறிகள் எல்லாம் நின்றன. என் பெரிய அம்பு மட்டும் சுவரில் அப்படியே இருந்தது. பேராசிரியர் மேடைக்கு வந்து, அந்தத் தாளை எடுத்து, இரண்டாக மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார்.

"ம்ம்" என்றார்.

தேநீர் இடைவேளையில் நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். அம்மாவைச் சுற்றி ஏழெட்டுப் பொறியாளர்கள். எந்தக் கறைக்கு எது, எவர்சில்வருக்கு எது, எண்ணெய்ப் பிசுக்குக்கு எது என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தக் கருத்தரங்கிலேயே அதிகக் கூட்டம் கூடியது அவளுக்குத்தான்.

ஆட்டோவில் திரும்பினோம். ஆழ்வார்பேட்டை வந்ததும் அம்மா பக்கம் திரும்பினேன்.

"நீ ஏம்மா எங்கிட்ட சொல்லலை?" என்றேன்.

"எதை?"

"பாட்டிலை அலம்பறதை."

"ஆத்து வேலையெல்லாம் சொல்லிண்டா செய்வா? உன் துணியைத் தோய்க்கறேன், சொல்லிண்டேனா?"

"ரெண்டு மாசமா இல்லாம இப்ப எதுக்கு ஆரம்பிச்சே?"

அம்மா ஆட்டோவுக்கு வெளியே பார்த்தாள்.

"அன்னிக்கு அடையாறுல ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டு வரச்சே, நீ வந்த பஸ்லதான் நானும் ஏறினேன். பின்னாடி நின்னுண்டிருந்தேன். அவ்வளவு கூட்டம். உன் பக்கத்து சீட்டு மட்டும் காலி. ஒருத்தி வந்து உக்காந்தா. மூக்கைப் பொத்திண்டு எழுந்து போயிட்டா. நீ பாட்டுக்கு நோட்டுல எழுதிண்டிருந்தே. உனக்கு உறைக்கலை. எனக்கு உறைச்சுது. அந்தச் சிவப்புப் பையைத் தொட எனக்கு மனசு வரலை. தொட முடிஞ்சதையாவது வாசனையாப் பண்ணி அனுப்பலாமேன்னு பார்த்தேன்."

அந்தக் கோடையில் எங்கள் தெருவில் குழாயில் தண்ணீர் வருவது நின்றிருந்தது. கை பம்பில் அடித்து, வரிசையில் நின்று, குடம் குடமாகக் கொண்டுவரவேண்டும். என் பாட்டில்களுக்கு அம்மா தினமும் ஒரு பக்கெட் செலவழித்திருக்கிறாள். அதை அப்பா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

எனக்கு அழுகை வந்தது. "நான் கம்ப்யூட்டர்லயே சேர்ந்துடறேம்பா" என்றேன்.

அப்பா வாயைத் திறப்பதற்குள் அம்மா திரும்பினாள்.

"நன்னா இருக்கு. அத்தனை பேர் முன்னாடி நான் எழுந்து நின்னது எதுக்கு? கணக்கு ஏன் தப்புன்னு தெரிஞ்சாச்சோல்லியோ? மறுபடியும் எடு. நான் தொடலை. அந்த மனுஷர் நுரைன்னு சொன்னாரே, அவர்தான் அங்க இருக்கறவரா? நான் ஒருநாள் வந்து பார்க்கணும்."

வந்தாள். அதுதான் எனக்கு இன்னும் நம்பமுடியாதது. அடுத்த வாரம் ஒரு காலையில், குடையோடு, என் கூடப் பஸ் ஏறி, சுத்திகரிப்பு நிலையத்துக்கு வந்தாள். ஏழுமலை வாசலிலேயே நின்றார்.

"வாங்க மாமி. சோப்பு மாமி வராங்கோன்னு எல்லார்கிட்டயும் சொல்லிகிறேன்."

அம்மா மூக்கில் வைத்த தலைப்பை, கசடு காயும் மைதானத்துக்குப் போனதும் எடுத்தாள். வெயிலில் வெடித்துக் கட்டி கட்டியாகக் கிடந்ததைக் குனிந்து பார்த்தாள்.

"இதுவா? நாறவே இல்லையே. மண்ணு மாதிரின்னா இருக்கு."

"காஞ்சா மண்ணுதான் மாமி. எங்கூட்டாண்ட இதைப் போட்டுத்தான் பூசணி வெச்சுகிறேன். தோ, இத்தாம் பெருசு." கைகளை விரித்துக் காட்டினார்.

என் காது நிமிர்ந்தது. "நீங்க இங்கேருந்து எடுத்துட்டுப் போறீங்களா ஏழுமலை? எவ்வளவு?"

"நா எங்க எடுத்தேன்?" என்றார் அவர் உடனே. முகம் மாறிவிட்டது. வேலைக்கு ஆபத்து என்று பயந்துவிட்டார். ஆற்றோரக் குடிசையிலிருந்து பத்து மைல் தள்ளி மாற்றி அனுப்பப்பட்ட குடும்பம் அவருடையது. இந்த வேலை ஒன்றுதான் பிடிமானம்.

"உங்க பேரை இவ எழுதமாட்டா" என்றாள் அம்மா. "மூட்டையை மட்டும் சொல்லுங்கோ. இல்லேன்னா இவ கணக்கு மறுபடியும் உதைக்கும். இன்னொரு தரம் எழுந்து நிக்க எனக்குத் தெம்பில்லை."

அவர் சிரித்துவிட்டார். பிறகு சொன்னார். வாரத்துக்கு இரண்டு மூட்டை அவர். ஒன்றிரண்டு பெசன்ட் நகர் பக்கம் தோட்ட வேலை செய்கிற அவர் மைத்துனர். ரோஜாச் செடிகளுக்கு. நான் தராசை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஆமாம், ஓடினேன். இரண்டு மாதமாக எங்கே போகிறது என்று புரியாமல் குறைந்துகொண்டிருந்த திடப்பொருள், பூசணிக்கொடியிலும் ரோஜாவிலும் இருந்தது. அதைத்தானே நான் அளக்க வந்தேன்? ஊர் தின்ற சத்து மண்ணுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது, யாரிடமும் அனுமதி கேட்காமல், மூட்டையில்.

ஆய்வேட்டில் 'அருகிலுள்ள தோட்டங்கள்' என்று மட்டும் எழுதினேன். பாஸ்பரஸ் சமர்த்தாகச் சரியாக வந்தது. பேராசிரியர் படித்துவிட்டு, "நல்லா இருக்கு" என்றார். இரண்டு சொற்கள். பட்டம் அதற்குப் பிறகுதான் கொடுத்தார்கள். எனக்கு அது பெரிதாகப் படவில்லை.

ஆனால் அந்தக் கருத்தரங்குக்கு வந்தவர்கள் இந்தத் தொழிலில் எங்கும் இருந்தார்கள். என் முதல் வேலைக்கான நேர்முகத்தில், நான் உட்கார்ந்ததும், நடுவில் இருந்தவர் என் விண்ணப்பத்தை மூடிவைத்துவிட்டு, "அம்மா வந்திருக்காங்களா?" என்று கேட்டார். வேலை கிடைத்தது.

வீட்டில் அந்த வேதியியல் அம்மையாரின் கேள்வி மயிலாப்பூர்த் தமிழுக்கு மாறி, நிரந்தரமாகத் தங்கிவிட்டது. எங்கே எது எதிர்பார்த்ததற்கு மேல் இருந்தாலும் யாராவது அதைக் கேட்டுவிடுவார்கள். பால் பொங்கினாலும் கேட்பார்கள், என் எடை ஏறினாலும் கேட்பார்கள்.

போன வருஷம் அப்பாவுக்கு எண்பது நிறைந்தது. மயிலாப்பூரிலேயே ஒரு சத்திரத்தில் சதாபிஷேகம். மணையில் அப்பாவும் அம்மாவும் மாலையோடு உட்கார்ந்திருக்க, சாஸ்திரிகள் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். சமையல்காரர் தயங்கித் தயங்கி வந்து குனிந்தார்.

"மாமா, நீங்க சொன்னது முந்நூறு பேர். இப்பவே நானூறு இலை விழுந்தாச்சு. எங்கேருந்து வரான்னே தெரியலை."

எல்லாரும் கவலையோடு அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா மாலையைச் சற்று விலக்கிக்கொண்டு, நிதானமாக, சமையல்காரரிடம் கேட்டார்:

"யார் அலம்பினா?"

முன்வரிசை முழுவதும் வெடித்தது. என் கணவருக்குப் புரையேறியது. சாஸ்திரிகள் மந்திரத்தை நிறுத்திவிட்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

"என்ன மாமி விஷயம்?"

அம்மா ஈரக்கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, மணையில் வசதியாக அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"அது ஒண்ணுமில்லை. எங்க ஜயா அப்போ சாக்கடை படிச்சிண்டிருந்தா..."